நொய்யல் கரையில் மணி துளைத்தவர்கள்

வெள்ளி இரவு, சென்னிமலை

நொய்யல் என்று வாயெடுத்தாலே கொங்கு நாட்டில் பேச்சு சாயத்தண்ணீரில்தான் போய் முடிகிறது. அதில் தவறில்லை, பட்டவர்கள் பேசத்தான் செய்வார்கள். ஆனால் இதே ஆற்றின் கரையில் ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன்பே கைத்தொழிலால் பிழைத்த ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரைத் தேடிப் போகிறவர்கள் மிகக் குறைவு. கீழடிக்குப் பேருந்து பிடித்துப் போகும் ஈரோட்டுக்காரர்கள், பக்கத்தில் இருக்கும் கொடுமணலைப் பார்த்ததில்லை என்று கூசாமல் சொல்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் உறுத்தல். அதனால் இந்தப் பயணம்: கொடுமணலில் தொடங்கி, நொய்யல் காவிரியில் கலக்கும் இடம் வரை, முடிந்தால் அதற்கு அப்பாலும்.

ஈரோட்டிலிருந்து பஸ்ஸில் சென்னிமலைக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. தங்கியிருக்கும் தெருவில் இரவு ஒன்பது மணிக்கும் தறி ஓசை ஓயவில்லை. விடுதிக்காரர் அறைச் சாவியோடு போர்வையையும் நீட்டினார். உள்ளூர் நெசவு என்று கேட்காமலே சொன்னார். அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிர். போதும்.

சனி, கொடுமணல்

சென்னிமலைக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர். வழி நெடுகிலும் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகள், நடுநடுவே வெள்வேல மரங்கள். கொங்கு நாட்டார் இதைக் கொரங்காடு என்பார்கள். கொழுக்கட்டைப் புல் காய்ந்து வெளுத்திருந்தது. நஞ்சைக்குப் பேர்போன பகுதியல்ல இது. கொடுமணலைப் புரிந்துகொள்ள இந்த வறட்சியை முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். ஆற்றங்கரை ஊர் என்றவுடன் வயலையும் வரப்பையும் மனத்தில் வரைந்துகொண்டு வந்தால் இங்கே ஒன்றும் விளங்காது.

இப்போதைய ஊர் சிறியது. பழைய வாழ்விடம் நொய்யலின் வடகரையில், விளைநிலங்களுக்கு அடியில் இருக்கிறது. அதையொட்டி, இறந்தவர்களைப் புதைத்த ஈமக்காடு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985, 1986, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் இங்கே அகழ்ந்தது. பிறகு பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகம் 2012, 2013-இல் அகழ்ந்தது. மாநிலத் தொல்லியல் துறையும் இந்தியத் தொல்லியல் துறையும் அவரவர் பங்குக்குத் தோண்டியிருக்கின்றன. கரிமக் காலக்கணிப்பில் கிடைத்த தேதிகள் ஊரின் வயதைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோகின்றன.

அகழாய்வுக் குழிகளைப் பார்க்கலாம் என்று வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: வேலை முடிந்ததும் குழிகளை மூடிவிடுவார்கள். அதுதான் முறை. அதனால் நீங்கள் பார்க்கப்போவது உழுத நிலத்தை.

உழுத நிலமே நிறையச் சொல்கிறது. வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “ஏனுங்க தம்பி, தோண்டுகிற ஆட்களா?” என்று கேட்டார். வெறுமனே பார்க்க வந்தவன் என்றதும் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. தோண்டும் வேலை நடந்தால் ஊரில் பலருக்குக் கூலி கிடைக்கும். பிறகு அவரே கூட நடந்து வந்தார். நல்ல மழை பெய்த மறுநாள் காட்டுக்குள் நடந்தால் மணி கண்ணில் படும், சிறுவயதில் பொறுக்கி விளையாடியிருக்கிறோம், இப்போது யாரும் எடுப்பதில்லை என்றார். எடுக்கக் கூடாது என்பதையும் அவரே சொன்னார்.

வரப்பு மண்ணில் ஒரு பானை விளிம்பு துருத்திக்கொண்டிருந்தது. கட்டைவிரல் அகலம்கூட இல்லை. வெளிப்புறம் செங்கல் சிவப்பு, உட்புறமும் வாய் விளிம்பும் கரிய நிறம், இரண்டு பக்கமும் வழவழப்பு. கறுப்பு–சிவப்புப் பானை. சூளையில் கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் படும் வெளிப்பக்கம் சிவக்கிறது; காற்றுப் புகாமல் கரிக்குள் அமிழ்ந்திருக்கும் உள்பக்கமும் விளிம்பும் கறுக்கின்றன. ஒரே சூட்டில் இரு நிறம். உடைந்த ஓரத்தில் சிவப்பும் கறுப்பும் சந்திக்கும் கோடு அத்தனை தெளிவாக இருந்தது. புகைப்படம் எடுத்துக்கொண்டு மண்ணிலேயே விட்டுவிட்டேன்.

இப்படிப்பட்ட பானைகளின் மேல்தான் அவர்கள் எழுதினார்கள். கொடுமணலில், தமிழின் மிகப் பழைய எழுத்துவடிவான தமிழ்–பிராமி பொறித்த ஓடுகள் 500-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் ஆட்பெயர்கள்: கண்ணன் ஆதன், அந்தவன் ஆதன், பண்ணன். வடபுலச் சாயல் கொண்ட சுமணன் என்ற பெயரும் உண்டு. வணிகக் குழுவைக் குறிக்கும் ‘நிகம’ என்ற சொல்லும் ஓர் ஓட்டில் இருக்கிறது. அரசன் பெயரைக் கல்லில் வெட்டிவைப்பது எந்த நாட்டிலும் நடக்கும். சோற்றுப் பானையில் சொந்தப் பெயரைக் கீறி வைக்க வேண்டுமானால் ஊரில் பலருக்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும். கீறியதை அடுத்தவன் படித்து, இது நம்முடையதல்ல என்று வைத்துவிட்டுப் போகவும் தெரிந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால், இங்கே கிடைத்த எல்லா மணிகளையும்விட இந்த ஓடுகள்தான் பெரிய சொத்து.

மணிகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பளிங்கு, பச்சைக்கல், நீலக்கல், செந்நிறச் சூதுபவளம், அகேட் எனப் பலவகை. இவற்றில் சிறப்பு, முடிந்த மணிகளோடு முடியாத மணிகளும் கிடைத்ததுதான். வெறும் கல்துண்டு, தட்டிச் செதுக்கியது, தேய்த்து உருட்டியது, துளை பாதியில் நின்றது, துளைக்கும்போதே பிளந்தது என்று ஒவ்வொரு கட்டத்திலும். விற்க வாங்கி வந்த சரக்கு அல்ல, இங்கேயே பட்டறை நடந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நீள மணியை ஒரே பக்கமிருந்து துளைத்தால் கல் வெடித்துவிடும். இரு முனையிலிருந்தும் துளைத்து நடுவில் சேர்க்க வேண்டும். கடுகளவு பிசகினாலும் இரண்டு துளைகளும் ஒன்றையொன்று பார்க்காமல் போய்விடும். எத்தனை நாள் உழைப்பு ஒரே நொடியில் குப்பையானதோ, அந்தக் குப்பைதான் இன்று நமக்கு வரலாறு.

இரும்பும் இங்கே உருகியது. உலைகள், ஊதுகுழாய்கள், கசடு, உலோகம் உருக்கும் மூசைகள் எல்லாம் கிடைத்திருக்கின்றன. இரும்புத் தாது சென்னிமலைப் பக்கத்திலேயே உண்டு. சங்கு வளையல் அறுத்திருக்கிறார்கள். கடலோ பல நாள் நடைத் தொலைவில். நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்தன. நேற்றிரவு தறி ஓசைக்கு நடுவே தூங்கியவனுக்கு இதைப் படித்தபோது லேசாகச் சிரிப்பு வந்தது.

பெரியவர் ஈமக்காட்டைக் காட்டினார். பெரும் பாறைத்துண்டுகளை வட்டமாக வைத்து, நடுவே கற்பலகைகளால் பெட்டிபோல் அறை கட்டி, மேலே மூடுகல். அறையின் பலகையில் வட்டமாக ஒரு துளை விடுவார்கள். இடுதுளை என்பது அதன் பெயர். இப்படி ஒரு கல்லறையிலிருந்து மட்டும் 2,220 சூதுபவள மணிகள் எடுத்தார்கள். சூதுபவளக் கல் கொங்கு மண்ணில் விளைவதல்ல. குஜராத் பக்கமிருந்து வர வேண்டும். செத்தவரோடு இத்தனை மணிகளையும் மண்ணுக்குள் அனுப்ப மனம் வந்த குடும்பம் எதுவோ!

மாலையில் ஆற்றுக்கு இறங்கினேன். சீமைக் கருவேலம் அடர்ந்த கரை. நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். நிறத்தைப் பற்றி எழுதிப் புதிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. சில கிலோமீட்டர் தொலைவில்தான் ஒரத்துப்பாளையம் அணை. 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. கிணறுகள் உப்பேறின. உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு கழிவை வெளியே விடாத சுத்திகரிப்பு வந்தால்தான் திறக்கலாம் என்றானது. இரும்பு உருக்கியவர்களும் புகையும் கசடும் விட்டிருப்பார்கள்தான். ஆனால் அவர்கள் விட்ட குப்பையில் இன்றும் பயிர் விளைகிறது.

ஞாயிறு, படியூர் – சிவன்மலை – காங்கேயம்

நேற்று எழுதியதைப் படித்த நண்பர் காலையிலேயே தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். ஆற்றங்கரை வணிக ஊர் என்கிறாயே, படகு போனதா? நல்ல கேள்வி. நொய்யல் மழையை நம்பிய ஆறு. வெள்ளியங்கிரி மலையில் பெய்தால் ஓடும், பெய்யாவிட்டால் மணல்தான். சரக்குக் கப்பல் கனவெல்லாம் வேண்டாம். ஆற்றை விட ஆற்றங்கரைப் பாதைதான் இந்த ஊருக்குச் சோறு போட்டது என்பது என் எண்ணம். மேற்குக் கடற்கரையில் முசிறித் துறைமுகம், கிழக்கே சேரர் தலைநகர் கரூர். இரண்டுக்கும் நடுவே மேற்குத்தொடர்ச்சி மலையில் பெரிய வாசல் ஒன்றே ஒன்று, பாலக்காட்டுக் கணவாய். கணவாய் தாண்டிவிட்டால் நொய்யல் பள்ளத்தாக்கைப் பிடித்துக் கிழக்கே நடக்கலாம். மாட்டுக்கும் மனிதனுக்கும் ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் கிடைக்கும். பேரூர், வெள்ளலூர், சூலூர், கத்தாங்கண்ணி, கொடுமணல் என்று பழம்பொருள் கிடைத்த ஊர்கள் ஆற்றோரமாகவே வரிசை கட்டியிருப்பது சும்மா அல்ல. பிற்காலச் சோழர் காலத்திலும் இந்தத் தடம் சாகவில்லை. கோவைக்கு அருகே சுண்டக்காமுத்தூர் மலையில் ‘ராசகேசரிப் பெருவழி’ என்று பாறையிலேயே பெயர் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

படியூர் காங்கேயம்–திருப்பூர் சாலையில் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவன் கண்ணை மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும் ஊர். பச்சைக்கல், அதாவது பெரில், இங்கே மண்ணுக்கடியில் கிடைத்தது. ரோமானியர்களுக்கு இந்தக் கல்லின் மேல் தீராத ஆசை. முதல் நூற்றாண்டில் எழுதிய ரோம அறிஞர் பிளினி, பெரில் இந்தியாவில்தான் விளைகிறது, வேறெங்கும் அரிது என்று எழுதி வைத்தார். 1819-20-இல் வெள்ளைக்காரர் ஒருவர் இதே படியூரில் மீண்டும் சுரங்கம் வெட்டிக் கல் எடுத்தார். இன்று சாலையோரத்தில் நின்று பார்த்தால் தென்னந்தோப்பும் கொரங்காடும்தான். தேநீர்க் கடையில் விசாரித்தேன். “கல்லா? எங்கள் அப்புச்சி காலத்தில் ஏர் ஓட்டும்போது வரும் என்பார்கள்” என்று கடைக்காரர் சொல்லிவிட்டு அடுத்த டம்ளருக்குப் போய்விட்டார். அவருக்கு வேலை இருந்தது.

அங்கிருந்து சிவன்மலை. நீலக்கல் கிடைத்தது இந்தப் பக்கம். பளிங்கு வெங்கமேடு, அரசம்பாளையம் பகுதிகளிலிருந்து போனது. வரைபடத்தில் இவற்றைக் குறித்துப் பார்த்தால் எல்லாமே கொடுமணலைச் சுற்றி ஒரு நாள் நடைக்குள் அடங்குகின்றன. கல் உள்ளூரில், தாது உள்ளூரில், பாதை வாசலில். ஊர் ஏன் அந்த இடத்தில் அமைந்தது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி உண்டு. பக்தர் ஒருவரின் கனவில் வந்து ஆண்டவன் சொல்லும் பொருளை, பூக்கேட்டு உறுதி செய்தபின் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூசை செய்வார்கள். அடுத்தவர் கனவில் வேறு பொருள் வரும்வரை அது இருக்கும். மண், நெல், மஞ்சள் என்று என்னென்னவோ வந்திருக்கிறது. வைத்த பொருளால் நாட்டில் நல்லதோ கெட்டதோ நடக்கும் என்று காங்கேயம் முழுக்கப் பேசுவார்கள். நீலக்கல்லை எப்போதாவது உத்தரவாகக் கேட்டிருக்கிறாரா என்று பெட்டியருகே நின்றிருந்த அம்மாவிடம் கேட்டேன். “அவருக்கு எதற்குத் தம்பி கல்? மலையே அவருடையதுதானே” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

காங்கேயத்தில் சாப்பாடு. ஊரைச் சுற்றிலும் தேங்காய்க் களங்கள். உடைத்த பருப்பு வெயிலில் ஏக்கர் கணக்கில் வெள்ளையாகக் காய்கிறது. அதற்கு மேல் இன்று எழுத ஒன்றும் இல்லை, வெயில்.

திங்கள், கொடுமுடி – ஆவுடையார்பாறை – நொய்யல்

காவிரியைப் பார்த்ததும் வந்த நிம்மதியை மறைக்க விரும்பவில்லை. கொடுமுடிப் படித்துறையில் தண்ணீர் நிறைவாக, அவசரமில்லாமல் போகிறது; அக்கரை நாமக்கல் மாவட்டம். மகுடேசுவரர் கோயில் தேவாரம் பெற்ற தலம், பழைய பெயர் பாண்டிக்கொடுமுடி. வன்னி மரத்தடியில் பிரம்மா. பங்குனியில் இங்கிருந்து பழனிக்குத் தீர்த்தக்காவடி கிளம்பும்போது ஊர் கொள்ளாது. நான் போனது காலியான நாள். நிம்மதியாகக் குளித்தேன்.

கொடுமுடிக்கு அப்பால் ஆவுடையார்பாறை. பவானியில் தொடங்கும் காலிங்கராயன் வாய்க்கால் வளைந்து நெளிந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடி, இங்கே வந்து நொய்யலில் முடிகிறது. 1283-இல் வெட்டி முடித்ததாகச் சொல்லப்படும் வாய்க்கால், இன்னும் மஞ்சளுக்கும் நெல்லுக்கும் கரும்புக்கும் பாய்கிறது. பாம்பு ஒன்று வழிகாட்டியதால்தான் இத்தனை வளைவு என்பது கதை. மேட்டைத் தவிர்த்துத் தண்ணீர் தானாக நகரும் சரிவைத் தேடிப் போனதால் வளைவு என்பது வாய்க்காலைப் பார்த்தாலே தெரிவது. தன் நிலத்துக்காகத்தான் வெட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று வாய்க்காலை வெட்டிய காலிங்கராயன் தன் ஊரான வெள்ளோட்டை விட்டுக் குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபோனான் என்றும் சொல்வார்கள். கொங்கில் இன்னும் இந்தக் கதையைச் சொல்லும்போது குரல் மாறும்.

வாய்க்கால் கரையில் நின்றபோதுதான் கொடுமணலின் முடிவு எனக்குப் பிடிபட்டது. கி.பி. 3ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அந்த ஊரின் தொழில் மங்கிவிட்டது. தூரதேசத்தில் வாங்குகிறவன் கை சுருங்கினால் பட்டறை எத்தனை நாள் தாங்கும்? அதிலும் வயல் இல்லாத ஊர். பிறகு கொங்கில் செழித்த கரையோர ஊர்கள் அணையும் குளமும் வாய்க்காலும் கட்டித் தண்ணீரைத் திருப்பிய ஊர்கள். கொடுமணல்காரன் ஆற்றோரம் நடந்தான். காலிங்கராயன் காலத்தவன் ஆற்றை நடத்திக்கொண்டு போனான். இதில் யார் கெட்டிக்காரர் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ரோமை மட்டும் நம்பிப் பிழைத்தார்கள் என்று சிலர் எழுதுவது சரியல்ல. 1842-இல் வெள்ளலூரில் கிடைத்த 522 ரோம வெள்ளிக்காசுகளைச் சொல்லிச் சொல்லியே நமக்கு அந்த எண்ணம் ஊறிவிட்டது. கொடுமணலின் சூதுபவளம் மேற்கு இந்தியாவிலிருந்து வந்தது, வெள்ளி முத்திரைக் காசு வடக்கிலிருந்து வந்தது, சங்கு நம் கடலில் எடுத்தது. அவர்களுடைய சந்தையில் பாதிக்கு மேல் உள்நாட்டுச் சந்தையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மாலை நொய்யல் என்றே பெயர் கொண்ட சிற்றூருக்குப் போனேன். ஆறு காவிரியில் சேரும் இடம். படித்துறை, பிரமாண்டம், பெயர்ப்பலகை எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். நாணலும் சேறும். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் காவிரிப் பக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

செவ்வாய், புகளூர்

வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டார் மலை. மேலே முருகன் கோயிலுக்கு எல்லோரும் ஏறுகிறார்கள். பாதி வழியில் ஒதுங்கினால் பாறை முழைஞ்சில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள். படுக்கை என்றால் வழவழவென்று தேய்த்த பாறை, தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தித் தலையணை. கையை வைத்துப் பார்த்தேன்; பதினொரு மணி வெயிலிலும் நிழல் பட்ட கல் குளிர்ந்திருந்தது. வெட்டிய எழுத்தின் பள்ளத்தில் விரல் நுனி நன்றாக உட்காருகிறது. சில இடங்களில் நம் காலத்துக் காதலர்களும் தங்கள் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். அவர்களைத் திட்ட இந்த நாட்குறிப்பில் இடம் போதாது.

முக்கியமான கல்வெட்டு சேர மன்னர் மூன்று தலைமுறையைச் சொல்கிறது: கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. பேரன் இளவரசன் ஆனபோது, யாற்றூர் செங்காயபன் என்ற மூத்த துறவி தங்குவதற்காக இந்தப் பாறையை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சேரரைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் கபிலர் பாடிய செல்வக்கடுங்கோ வாழியாதனோடு இந்த மூத்தவனை அறிஞர்கள் பொருத்திப் பார்க்கிறார்கள். அந்த ஏழாம் பத்திலும் எட்டாம் பத்திலும்தான் கொடுமணம் என்ற ஊரும் (இன்றைய கொடுமணல் அதுதான் என்பார்கள்), அங்கே செய்த அருங்கலங்களும் பேசப்படுகின்றன. சனிக்கிழமை நான் நின்ற உழவுக்காட்டின் சரக்கு இந்த அரசர்களின் அவையில் பரிசாகக் கைமாறியிருக்கிறது.

எனக்கு அதைவிடப் பிடித்தது பக்கத்தில் இருக்கும் சின்னக் கல்வெட்டு. கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி என்பவன் கொடுத்த படுக்கை. மன்னன் மூன்று தலைமுறை சொல்லிக் கொடுத்ததை, இவன் ஊரையும் தொழிலையும் பெயரையும் மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டான். பொன் வாங்கி விற்கிறவனுக்கு மணி வேண்டாமா? கொடுமணலிலிருந்து கிழக்கே நடந்த சரக்கு மூட்டைகள் கருவூர்க் கடைத்தெருவில் பிரிக்கப்பட்டபோது நத்தியோ அவன் போன்றவர்களோ உட்கார்ந்து விலை பேசியிருப்பார்கள் என்று நினைப்பதில் பெரிய அத்துமீறல் இல்லை.

இறங்கும்போது கோயில் வாசலில் மோர் விற்றவரிடம் படுக்கைகளைப் பற்றிக் கேட்டேன். பஞ்சபாண்டவர் படுத்த இடம் என்றார். தமிழ்நாட்டில் எந்தக் குகைக்குப் போனாலும் பாண்டவர்கள் முன்கூட்டியே படுத்து எழுந்து போயிருக்கிறார்கள்.

மதியம் கரூர் பஸ். அமராவதி ஆற்றுமணலில் கிடைத்த மாக்கோதை, கொல்லிரும்பொறை பெயர் பொறித்த காசுகளைப் பற்றிப் படித்திருக்கிறேன், இதுவரை பார்த்ததில்லை. அரசு அருங்காட்சியகத்துக்கு நாளை காலையே போய்விட வேண்டும்.